ஒன்பது தேங்காயும் இரண்டு கம்பளமும்

கோத்தா பாருவில் அந்த வங்கிக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கம்பளம்தான். இடது பாதி நீலம், வலது பாதி பச்சை. நீலத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வட்டிக்குக் கொடுப்பவர்கள். பச்சையில் உட்கார்ந்திருப்பவர்கள் இஸ்லாமிய முறைக்காரர்கள், வட்டி என்று காதில் விழுந்தாலே முகம் சுளிப்பவர்கள். நடுவில் ஒரு தண்ணீர் இயந்திரம், அது இருவருக்கும் பொது. குளிர்சாதனமும் பொது, கழிப்பறையும் பொது. முதலாளியும் பொதுதான் என்று வாசல் காவலாளி ரகசியமாகச் சொல்வான்.

டெராமான் இரண்டு கம்பளத்திலும் கால் வைக்கவில்லை. செருப்பில் மண் இருந்தது. நீலமும் பச்சையும் சேருமிடத்தில் ஒரு பித்தளைப் பட்டை ஓடியது. அதன் மேல் கழைக்கூத்தாடி மாதிரி நின்றார்.

"எந்தப் பக்கம் போகணும் பாக்சிக்?" என்றான் காவலாளி. அந்த ஊரில் வயதான ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பெண்களை மாக்சிக் என்று.

"வேன் வாங்கப் பணம் வேணும்."

"அது ரெண்டு பக்கமும் கிடைக்கும்."

"எந்தப் பக்கம் செலவு கம்மி?"

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தான். "அதை மட்டும் இங்க சத்தமா கேக்காதீங்க."

டெராமானுக்கு அறுபத்தோரு வயது. பாச்சோக் பக்கம் கடலோரத்தில் வீடு. தொழில், தேங்காய் பறிப்பது. சரியாகச் சொன்னால் பறிப்பது டுக்கு. டெராமான் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இளசு வேணாம்டா, முத்தல் திருகு!" என்று கத்துவார். டுக்கு ஒன்பது வயதுக் குரங்கு. வால் குட்டை, கோபம் நீளம்.

பாசிர் பூத்தேயில் தேங்காய்ப்பால் ஆலை நடத்தும் சீன முதலாளி தௌக்கே சியாவ் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். "நோன்பு மாசம் முழுக்க தினம் அறுநூறு காய் எடுத்துக்கறேன். உன் வண்டியில நீயே கொண்டாந்து இறக்கணும். முதல் நோன்புக்கு வரலன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன், மான்." தெரிந்தவர்களுக்கு டெராமான் வெறும் மான். டெராமானிடம் இருந்ததோ பக்கத்தில் கூடை கட்டிய மோட்டார் சைக்கிள். எண்பது காய், டுக்கு, டெராமான், இவ்வளவுதான் அது தாங்கும். அதற்கு மேல் ஏற்றினால் மூன்றில் ஒன்று விழும். பெரும்பாலும் விழுவது டெராமான்.

பழைய வேன் ஒன்று பதினாலாயிரம் ரிங்கிட்டுக்கு வந்தது. நோன்புக்கு இருபத்தாறு நாள் இருந்தது. வேன் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் டுக்குவுக்குத் தினம் நாலு முட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போட வழியில்லை. பெர்ஹெந்தியான் தீவில் விடுதி நடத்தும் ரொசைமி ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். மூவாயிரம் தருகிறானாம். டுக்குவுக்குச் சிவப்புக் கவுன் மாட்டி, சுற்றுலா வருகிறவர்களின் தோளில் உட்காரவைத்துப் படம் எடுப்பானாம். அது ஆண் குரங்கு என்று டெராமான் சொன்னதற்கு, "படத்துல யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

ஆகவேதான் வங்கி.

நீலப் பக்கத்து அதிகாரி பெயர் ஹஸ்ருல். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞன். கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பாக்சிக், நீங்க இதுவரைக்கும் எங்கயும் கடன் வாங்கினதே இல்லையே?"

"அல்லா புண்ணியத்துல இல்ல."

"அதான் சிக்கல். கடன் வாங்காத ஆளு திருப்பிக் கட்டுவாரான்னு எப்படித் தெரியும்?"

"சரி துவான், அங்க இங்க வாங்கிட்டு வரட்டுமா?"

"வாங்கினா ஏற்கெனவே கடன்காரர்னு ஆயிடும். அது இன்னும் மோசம்."

டெராமான் இதை உள்ளுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அடி தனக்குத்தான் விழுந்தது. ஐந்து வருடத்தில் மொத்தம் பதினேழாயிரத்து நானூற்று எழுபத்திரண்டு கட்டவேண்டும் என்று ஹஸ்ருல் கணக்குப் பொறியைக் காட்டினான். டெராமான் பித்தளைப் பட்டையைத் தாண்டினார்.

பச்சைப் பக்கத்தில் நஜ்மி. கறுப்புச் சோங்கோக் தொப்பி, மெலிந்த தாடி, அழகான புன்னகை. அவனும் ஹஸ்ருலும் ஒரே வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஒரே காரில் வேலைக்கு வருபவர்கள்.

"நாங்க கடனே தர்றதில்ல பாக்சிக். வட்டி கிட்டவே போகமாட்டோம். வேனை நாங்க வாங்குவோம். அப்புறம் எங்க லாபத்தை வெச்சு உங்களுக்கு விப்போம். அது வியாபாரம்."

இது டெராமானுக்குப் புரிந்தது. வாங்கி விற்பது மீன் சந்தையில் எல்லாரும் செய்வதுதான். "அப்ப வேன் உங்ககிட்ட இருக்கறப்ப டயர் வெடிச்சா உங்க செலவு?"

"கண்டிப்பா! அதான் எங்க பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏத்துக்கறதாலதான் லாபம் எங்களுக்கு மார்க்கப்படி ஆகும்."

"எவ்வளவு நேரம் உங்ககிட்ட இருக்கும்?"

நஜ்மி கடிகாரத்தைப் பார்த்தான். "நாலு நிமிஷம்."

"சாவி?"

"சாவி கடைக்காரர்கிட்டயே இருக்கும்."

நாலு நிமிடத்தில், நிற்கிற வண்டிக்கு டயர் எப்படி வெடிக்கும் என்று டெராமான் கேட்கவில்லை. நஜ்மி ஹஸ்ருலைப் பார்த்துக் கைநீட்டினான். கணக்குப் பொறி நீலத்திலிருந்து பச்சைக்குக் கைமாறியது. தட்டினான். பதினேழாயிரத்து நானூற்று எழுபத்திரண்டு.

"அதே தொகைதானே?"

"தொகை அதேதான். நிய்யத்து வேற, மனசுல இருக்கற நோக்கம் வேற, பாக்சிக்."

இப்போது ஒரு தகராறு வந்தது. வாடிக்கையாளர் யாருக்கு? பட்டையின் மேல் நின்றவர் இரண்டு பக்கமும் பேசிவிட்டார். மேலாளர் வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார். பத்தாயிரத்துக்கு மேல் என்றால் வெறும் வேனை மட்டும் பார்த்தால் போதாது, தொழிலையே மதிப்பிட வேண்டும். இரு பிரிவும் போய்ப் பார்க்கட்டும். நீலம் தன் முறைப்படி, பச்சை தன் முறைப்படி.

எட்டு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். ஒரே காரில் வந்து, தென்னந்தோப்பு முனையில் இறங்கி, இரண்டு வெவ்வேறு பாதையில் நடந்து வந்தார்கள். டெராமான் மரத்தடியில் டுக்குவின் கழுத்துக் கயிற்றை நீட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் ஹஸ்ருல் ஒரு நாடாவால் டுக்குவை அளந்தான். "வயசு ஒன்பது. வேலை செய்யற ஆயுசு இன்னும் எட்டு வருஷம். வருஷத்துக்கு இவ்வளவுன்னு தேய்மானம் கழிச்சா, எட்டாவது வருஷம் டுக்குவோட மதிப்பு ஒரு ரிங்கிட்."

"ஒரு ரிங்கிட்டா? பல்லைக் காட்டுடா டுக்கு." டுக்கு காட்டியது. ஹஸ்ருல் இரண்டு அடி பின்னால் போய், 'ஒரு ரிங்கிட்' என்பதை அடித்துவிட்டு 'இரண்டு' என்று எழுதினான்.

நஜ்மியின் கவலை வேறு. வருமானம் சுத்தமானதா என்று பார்க்கவேண்டும். "டுக்கு பறிக்கட்டும். நாங்க எண்ணறோம்."

டுக்கு ஏறியது. காலை முழுக்கத் திருகித் திருகித் தள்ளியது. டெராமான் குத்தகைக்கு எடுத்த தோப்பு வேலியோரம் முடிகிறது. வேலிக்கு அப்பால் மெக் லிஜாவின் மரங்கள். தலைகள் ஒன்றோடொன்று உரசும். தென்னைக்கு மேலே வேலி கிடையாது, இருந்தாலும் குரங்கு மதிக்காது. டுக்கு ஒரு மட்டையைப் பிடித்து ஆடி அந்தப் பக்கம் தாவியது. தொம், தொம், தொம்.

"டேய்! அது காக் லிஜாவோட மரம்டா! எறங்கு!" டெராமான் கயிற்றை இழுத்தார். காக் என்றால் அக்கா. டுக்கு வேண்டுமென்றே இன்னும் எட்டைத் திருகிப் போட்டுவிட்டுத்தான் திரும்பியது.

கடைசியில் கணக்கு வந்தது. மொத்தம் நூற்றெண்பது காய். அதில் லிஜாவின் மரத்துக்காய் ஒன்பது.

நஜ்மியின் முகம் வெளிறியது. "நூத்துக்கு அஞ்சு! சரியா அஞ்சு! அஞ்சுக்குக் கீழ இருக்கணும் பாக்சிக், அதான் எங்க வரம்பு. கீழ இருந்தா கலப்படம் சொற்பம்னு விட்டுடலாம்."

"இனிமே அவனை அந்தப் பக்கம் விடாம பாத்துக்கறேன், துவான்."

"அது அடுத்த தடவை. இப்ப என்ன பண்றது?" நஜ்மி நெற்றியைத் தேய்த்தான். திடீரென்று முகம் மலர்ந்தது. "திருட்டைக் கொறைக்க வேணாம் பாக்சிக், மொத்தத்தைக் கூட்டுங்க! உங்க பக்கத்துல இன்னும் அஞ்சு காய் பறிக்கச் சொல்லுங்க."

டெராமான் டுக்குவை ஏற்றினார். ஐந்து காய் விழுந்தது. இப்போது நூற்றெண்பத்தைந்தில் ஒன்பது. நஜ்மி கணக்குப் பொறியைத் தட்டி, பெருமூச்சு விட்டு, "அல்ஹம்துலில்லா, நாலு புள்ளி எட்டு ஆறு" என்றான். அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

ஹஸ்ருல் இதையெல்லாம் ஒரு மாதிரி பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தான். "பாக்சிக், இந்த ஒன்பது காய்க்கு உங்களுக்குக் குத்தகை செலவு?"

"அவங்க மரத்துக்கு நான் எதுக்குக் குத்தகை குடுக்கணும்?"

"செலவே இல்லாத வருமானம்!" அவன் பேனா வேகமாக ஓடியது. "இது வளர்ச்சி. வருஷத்துக்கு இருபது சதம்னு கூட்டினாக்கூட... ஏன் ஒன்பதோட நிறுத்தினீங்க?"

வேலிக்கு அப்பால் மெக் லிஜா ஒரு முக்காலியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து தாண்டிய விதவை.

"இந்த ஒன்பதை என்ன செய்யணும்?" என்றார் டெராமான்.

"சுத்திகரிக்கணும்." நஜ்மி ஒரு தாளை எடுத்தான். சின்னச் சின்னக் கட்டங்கள். "அனாதை இல்லம், வெள்ள நிவாரணம், நூல்நிலையம். எதுக்குக் குடுக்கறதுன்னு ஒரு கட்டத்துல குறி போடுங்க."

"அதோ உக்காந்திருக்காங்களே, அவங்க காய்தான். வேலிக்கு மேல நீட்டினா வாங்கிக்குவாங்க."

நஜ்மி தாளை மேலிருந்து கீழே பார்த்தான். திருப்பியும் பார்த்தான். "அதுக்குக் கட்டம் இல்லையே, பாக்சிக்."

கட்டம் இல்லாததால் ஒன்பது காயும் சாக்கில் கட்டப்பட்டு, 'சந்தேக வருமானம்' என்று சீட்டு ஒட்டப்பட்டு, முத்திரை வைக்கப்பட்டு, காரில் ஏறி வங்கிக்குப் போயின. டெராமானால் வேலிப் பக்கம் பார்க்க முடியவில்லை.

நோன்புக்கு ஏழு நாள் இருக்கையில் கடிதம் வந்தது. இரு பிரிவின் மதிப்பீட்டுக் குழுக்களும் கூட்டாகக் கூடுகின்றன, தொழிலில் உழைக்கும் பங்காளியையும் அழைத்து வரவும். டெராமான் டுக்குவைக் குளிப்பாட்டிவிட்டு, கூடையில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார்.

கூட்டம் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. ஒரு பக்கம் நீலத் துணி விரித்த மேசை, மறுபக்கம் பச்சை. இரண்டுக்கும் நடுவே சாப்பாடு: நாசி கெராபு, வறுத்த கோழி, பதினோரு வகைப் பலகாரம். அது பொது.

முதலில் நீலக்குழுத் தலைவர் எழுந்தார். "எங்கள் பிரிவு நாற்பது ஆண்டுகளாக நஷ்டமே கண்டதில்லை. காரணம் எளிது. பணம் தேவைப்படாதவர்களுக்கு மட்டுமே பணம் தருகிறோம். யாராவது தேவை என்று வந்தால், அந்தத் தேவையையே ஆபத்து என்று குறித்துக்கொள்கிறோம்."

கைதட்டல். டெராமானும் தட்டினார், எல்லாரும் தட்டியதால்.

பச்சைக்குழுத் தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எங்கள் கொள்கை இன்னும் உயர்ந்தது. லாபத்தையும் நஷ்டத்தையும் வாடிக்கையாளரோடு பகிர்ந்துகொள்வது. நஷ்டம் வரக்கூடிய இடத்துக்கு நாங்கள் போவதே இல்லை என்பதால், இதுவரை லாபத்தை மட்டுமே பகிர நேர்ந்திருக்கிறது."

மேலும் கைதட்டல். டுக்குவும் தட்டியது.

"இந்தத் தொழிலில் முதல் போடுவது வங்கி," என்று அவர் தொடர்ந்தார். "உழைப்பைப் போடுவது யார்? ஏறுவது குரங்கு, திருகுவது குரங்கு. இவர் போடுவது கயிறு மட்டும். ஆகவே உழைக்கும் பங்காளி என்பது டுக்கு அவர்கள்தான்."

"எங்கள் பிரிவும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறது," என்றார் நீலத் தலைவர். "டுக்குவின் நம்பகப் புள்ளி எழுநூற்று எண்பத்தொன்று. டெராமானுக்குப் புள்ளியே இல்லை. டுக்கு ஜாமீன் போட்டால் டெராமானுக்குப் பணம் தரலாம்."

ஆயிரத்து நானூறு ஆண்டில் நீலமும் பச்சையும் முதன்முதலாக ஒத்துப்போனதுபோல் இரு மேசையும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டன.

"துவான், அது குரங்கு," என்றார் டெராமான்.

"ஒன்பது வயசு. குரங்குக்கு அது முழு வயசுதானே?"

"வயசு சரிதான்."

"புத்தி சுவாதீனம்?"

டெராமான் டுக்குவைப் பார்த்தார். டுக்கு ஒலிவாங்கியின் தலையைத் திருகி எடுத்து, காதருகே வைத்து ஆட்டி, முத்தல்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் மடியில் போட்டது. "இருக்கற ஆளுங்கள்ள அவனுக்குக் கொஞ்சம் அதிகம்தான்," என்றார்.

கைநாட்டு வைக்கவேண்டிய நேரம் வந்தது. மைப்பெட்டி வந்தது. அப்போது நஜ்மி, நல்ல பிள்ளை, எதையும் கூர்ந்து பார்க்கிறவன், ஒரு சந்தேகம் எழுப்பினான். டுக்குவின் காலிலும் கட்டைவிரல் கையில் உள்ளது மாதிரியே இருக்கிறது. மொத்தம் நாலு கட்டைவிரல். விதியில் 'வலது கட்டைவிரல்' என்று இருக்கிறது. வலதில் மேலதா, கீழதா?

குழு ஒரு மணி நேரம் விவாதித்தது. பலகாரம் தீர்ந்தது. பெருநாள் கழித்துக் கூடி முடிவெடுப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமானது.

"நோன்பு இன்னும் அஞ்சே நாள், துவான்," என்றார் டெராமான். "பெருநாளைக்கு அப்புறம் எனக்கு வேன் எதுக்கு?"

"அவசரப்படுறதுதான் பாக்சிக் எல்லா முதலீட்டுக்கும் எமன்," என்றார் நீலத் தலைவர், பல் குத்திக்கொண்டே.

அன்று மாலை வீட்டு வாசலில் ரொசைமி காத்திருந்தான். மடியில் சிவப்புக் கவுன். ஓரத்தில் பூ வேலை செய்திருந்தது. "அளவு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துருவோம்."

"நாளைக்கு வா," என்றார் டெராமான். டுக்கு கவுனை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

விற்பதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. சட்டைப் பையில் இருபது ரிங்கிட்டை வைத்துக்கொண்டு டெராமான் வேலிக்குப் போனார்.

"காக் லிஜா, உங்க காய் ஒன்பது அன்னிக்கு இவன் பறிச்சுட்டான். திருப்பிக் குடுக்கலாம்னா வங்கிக்காரனுங்க தூக்கிட்டுப் போய்ட்டானுங்க. இந்தாங்க, காசா வெச்சுக்கங்க. மன்னிச்சுருங்க."

"ஒன்பதில்ல மான், பதினொண்ணு," என்றாள் லிஜா. "ரெண்டு சாக்கடையில விழுந்துது. அந்தத் தொப்பிக்காரப் பையன் பாக்கல. நான் எடுத்து சமைச்சுட்டேன். அவ்வளவு பெரிய படிப்புப் படிச்சவனுங்களுக்கு எண்ணக்கூடத் தெரியல. வேன் குடுத்தானுங்களா?"

"கட்டைவிரல்ல நிக்குது."

அவர் நடந்ததைச் சொல்ல, லிஜா சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, கொட்டகைப் பக்கம் கைகாட்டினாள். அங்கே அவள் கணவனின் மீன் வேன், மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

"அது ஓடும். நாத்தம் இருக்கு, ஆனா ஓடும். எங்க மரத்துலயும் காய் முத்தி தலையில விழுது, ஏற ஆள் இல்ல. மூணு கேள்வி கேக்கறேன், உண்மையச் சொல்லு. அவன் கடிப்பானா?"

"என்னைக் கடிப்பான். மத்தவங்களை இல்ல."

"வேன் நடுவழியில நின்னா?"

"தள்ளுவேன்."

"காசு கையில வந்ததும் ஓடிப்போயிருவியா?"

"எங்க ஓடறது காக்? என் வீடு அதோ இருக்கு."

"செலவு போக ஆளுக்குப் பாதி. நஷ்டம் வந்தாலும் பாதி. டுக்குவோட முட்டை செலவுல சேரும்." அவள் இருபது ரிங்கிட்டை மடித்து அவர் பையில் திரும்பச் செருகினாள். "இதுல டீசல் போடு."

பேரம் முடிந்தது. அவர் வந்தபோது அவள் அடுப்பில் வைத்திருந்த தேநீர் இன்னும் கொதிக்கக்கூட இல்லை.

முதல் நோன்பன்று காலை, மீன் நாற்றமடிக்கும் வேன் ஆலை வாசலில் அறுநூறு காயை இறக்கியது. தௌக்கே சியாவ் மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். முன் இருக்கையில் டெராமானுக்கும் லிஜாவுக்கும் நடுவே டுக்கு, வெற்றுடம்போடு, கவுன் இல்லாமல்.

ஐந்து மாதம் கழித்து வங்கியிலிருந்து அழைப்பு வந்தது, உடனே வரச்சொல்லி. சேமிப்பறையில் குளிர்சாதனம் கெட்டுப்போனதாம். முத்திரை வைத்த சாக்கைக் கிழித்துக்கொண்டு ஒன்பது காயும் முளைத்துவிட்டன. ஒரு கன்று பச்சைப் பிரிவின் ஜன்னலை எட்டியது. நீலப் பிரிவு அதற்குள் தன் ஆண்டறிக்கையில் 'சொத்து வளர்ச்சி' என்று சேர்த்துவிட்டது. ஐந்து மாதத்துக்குக் காவல் வைத்ததற்கு நீலம் வாடகை கேட்டது. பச்சை, வாடகை என்று சொல்லாமல் சேவைக்கட்டணம் கேட்டது. இரண்டும் நாற்பத்தைந்து ரிங்கிட். டெராமான் எதையும் கட்டவில்லை. கன்றுகளை வேனில் ஏற்றினார். காவலாளி வந்து கை கொடுத்தான்.

லிஜா நடுவேலியைப் பிடுங்கிவிட்டு, வேலி நின்ற அதே கோட்டில் ஒன்பது கன்றையும் வரிசையாக நட்டாள்.

வாடிக்கையாளரை விட்டுவிடக்கூடாது என்று மேலாளர் சொன்னாராம். ஹஸ்ருலும் நஜ்மியும் மறுபடி வந்தார்கள், இந்த முறை ஒரே பாதையில். புதுத் தாள், புதுக் கட்டங்கள்.

"இந்த ஒன்பது மரம் யாரோடது?" என்றான் நஜ்மி. "டெராமானோட கட்டத்துல எழுதறதா, மாக்சிக்கோட கட்டத்துலயா?"

"நடுவுல எழுது," என்றாள் லிஜா, மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டே.

இருவரும் தாளைப் பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். "நடுவுக்குக் கட்டம் இல்லையே, மாக்சிக்."

"அப்ப ஒண்ணு வரைஞ்சுக்கோ. பேனா உன் கையிலதானே இருக்கு?"

ஹஸ்ருல் நஜ்மியைப் பார்த்தான். நஜ்மி ஹஸ்ருலைப் பார்த்தான். கட்டம் வரைவதற்குக் குழு கூடவேண்டும்.